பதிவேட்டை மூடிவிடாதீர்கள்: முத்துப்பிள்ளைக் கர்ப்பம் பற்றி ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்தின் கிராம சுகாதார செவிலியர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், பதிவேட்டில் எந்தக் கட்டம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பந்தலூர் தாலுகாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எனக்கு ஒரே தங்கை. அவள் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிறாள். 2019ஆம் வருடம் அவளுக்குப் புற்றுநோய் வந்தது. மார்பிலும் இல்லை, கருப்பை வாயிலும் இல்லை. கலைந்துபோன ஒரு கர்ப்பத்தின் மிச்சத்திலிருந்து கிளம்பிய புற்றுநோய். உள்ளே பிள்ளை வளராமல் நீர்க்குமிழிகள் வளர்கிற அந்தக் கர்ப்பத்தைத்தான் முத்துப்பிள்ளை என்கிறோம். அப்படி ஒன்று உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. மருந்துக்கு முழுசாகக் கட்டுப்படுகிற நோய் அது, அவளும் குணமாகிவிட்டாள். ஆனால் கண்டுபிடிப்பதற்குள் மூன்றரை மாதம் போய்விட்டது. அந்த மூன்றரை மாதம் ஏன் போனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் மாசியில் அவள் இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். நர்சம்மா வீட்டுக்கே வந்து பெயர் பதிந்து, பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிக் கொடுத்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போனார். மசக்கை இந்தத் தடவை அளவு மீறி இருந்தது. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஐந்து மாத வயிறுபோலத் தெரிந்தது. 'ரெட்டைப் பிள்ளையா இருக்கும்' என்று பக்கத்து லைன் பெண்கள் சந்தோஷமாகச் சொன்னார்கள். எங்கள் பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. பாட்டி 1970களில் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். அங்கே தோட்டத்து மருத்துவச்சிக்குத் துணையாகப் பல பிரசவம் பார்த்தவர். ஒரு நாள் தங்கைக்கு ரத்தம் பட ஆரம்பித்தது. துணியில் ரத்தத்தோடு, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன நீர்க்குமிழிகள். பாட்டி அதைப் பார்த்தவுடனே சொன்னார்: 'இது முத்துப்பிள்ளைடி. உள்ள பிள்ளை இல்ல, முத்துதான் இருக்கு.'

நாங்கள் ஓடியது ஒரு தனியார் மருத்துவமனைக்கு. ஊரும் பேரும் வேண்டாம். ஸ்கேன் எடுத்தார்கள், அன்றைக்கே கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். அந்த வேலையை அவர்கள் நன்றாகத்தான் செய்தார்கள், ரத்தப்போக்கும் நின்றது. கையில் கொடுத்த சீட்டில் ஒரே வரி: கரு கலைந்தது, டி அண்ட் சி செய்யப்பட்டது. எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. முத்துப்பிள்ளை என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. மறுபடி எப்போது வர வேண்டும் என்று தங்கை கேட்டதற்கு, 'அடுத்து உண்டானா வாங்கம்மா' என்று பதில் வந்தது.

இரண்டு வாரம் கழித்து நர்சம்மா வந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். தங்கையின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். தன் பதிவேட்டில் 'கருச்சிதைவு' என்று எழுதினார். அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல மனுஷி, மழையிலும் அட்டைக்கடியிலும் நடந்தே வந்து பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர். அவர் கையில் இருந்த பதிவேட்டில் அதற்கு மேல் எழுத இடமே இல்லை. பிரசவம் என்றால் நாற்பத்திரண்டு நாள் வரை பின்தொடரக் கட்டம் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ்கூட வாங்க முடியாது என்கிற அளவுக்கு ஒவ்வொரு கர்ப்பத்தையும் எண்ணி வைத்திருக்கிற மாநிலம் இது. அப்படிப்பட்ட மாநிலத்திலும், கர்ப்பம் கலைந்துவிட்டால் அந்தப் பெண் கணக்கிலிருந்து இறங்கிவிடுகிறாள்.

முத்துப்பிள்ளை என்றால் என்ன என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். முழு முத்துப்பிள்ளையில், தாயின் மரபணு இல்லாத வெற்றுக் கருமுட்டைக்குள் விந்தணு நுழைகிறது. அங்கே தந்தையின் மரபணு மட்டுமே இருமடங்காகி வளர்கிறது. சிசு உருவாவதில்லை, நஞ்சுக்கொடியாக வேண்டிய திசு மட்டும் திராட்சைக் குலைபோல ஊதிப் பெருகுகிறது. பகுதி முத்துப்பிள்ளையில் ஒரே முட்டைக்குள் பெரும்பாலும் இரண்டு விந்தணுக்கள் நுழைந்திருக்கும். 46 குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் 69 இருக்கும். கருத்தரித்த நொடியிலேயே முடிவாகிவிடுகிற விஷயம் இது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், கிரகணத்தன்று வெளியே போனாள், கனமான கொழுந்து மூட்டையைத் தூக்கினாள், பப்பாளி தின்றாள் என்று எங்கள் லைனில் தங்கைமேல் சுமத்தாத பழி இல்லை. அவள் செய்த எதனாலும் இது வரவில்லை. அவள் எதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. நர்சம்மாக்கள் இந்த ஒரு விஷயத்தை வீட்டுப் பெரியவர்கள் காதுபடச் சொன்னாலே ஒரு பெண்ணுக்குப் பாதிப் பாரம் இறங்கும்.

அளவு மீறிய வாந்திக்கும் காரணம் இருக்கிறது. நஞ்சுக்கொடித் திசு எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மருந்துக்கடையில் வாங்குகிற கர்ப்பப் பரிசோதனை அட்டை சிறுநீரில் தேடுவதும் அதையேதான். முத்துப்பிள்ளையில் அது வெள்ளமாகச் சுரக்கும். இந்த ஹார்மோன் ஒரு வகையில் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பெரும்பாலான புற்றுநோய்களில் உடம்பில் கடைசி செல் இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்ல எந்த வழியும் இல்லை. இதில் ரத்தத்தில் ஒரு எண் சொல்லிவிடுகிறது. கருப்பையைச் சுத்தம் செய்தபின் அந்த எண் வாரா வாரம் இறங்கிக்கொண்டே வந்து இயல்புக்குப் போனால் பயமில்லை. இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, முத்து புற்றாக மாறுகிறது என்று அர்த்தம். முழு முத்துப்பிள்ளை வந்த பெண்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு இப்படி ஆகிறது. பகுதி வகையில் இது மிகக் குறைவு. கோரியோகார்சினோமா என்கிற கடுமையான வகை, சாதாரணக் கருச்சிதைவுக்குப் பிறகும் வரலாம். நல்லபடியாகப் பிள்ளை பெற்றபிறகும் எப்போதாவது வரலாம்.

ஆக, சுத்தம் செய்த நாளோடு சிகிச்சை முடியவில்லை. இயல்பு அளவுக்கு வரும்வரை வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகும் வகையைப் பொறுத்துச் சில மாதங்களுக்கு மாதம் ஒன்று. அந்தக் காலத்தில் மறுபடி கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தரித்தால் எண் ஏறுவது புதுக் கர்ப்பத்தாலா நோயாலா என்று பிரித்துப் பார்க்க முடியாது. செய்ய வேண்டியது அவ்வளவுதான். தங்கைக்கு அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

வைகாசியில் மறுபடி ரத்தம் பட ஆரம்பித்தது. 'வயிறு சரியா சுத்தமாகலை' என்று ஒருவர் டானிக் கொடுத்தார். ரத்தசோகை என்று இன்னொருவர் ஊசி போட்டார். ஆனியில் இருமல் வந்தது. தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் இருமாதவர் யார்? இருமல் மருந்து வாங்கிக் குடித்தாள். ஒரு நாள் கொழுந்து எடை போடுகிற இடத்தில் இருமியபோது சளியில் ரத்தம் வந்தது. உடனே காசநோய் என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அப்படி இருந்தும் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடலாமா என்ற பேச்சு நடந்தது. நுரையீரல் படத்தில் வட்ட வட்டமாக நான்கு நிழல்கள் இருந்தன. கருப்பையையும் நுரையீரலையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர். படத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், 'கடைசியா எப்போ உண்டாகியிருந்தீங்க? அது என்னாச்சு?' என்று கேட்டார். பாட்டி சொன்ன முத்துப்பிள்ளை கதையை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன், படித்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கூச்சப்படவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டதும் நேராக அலமாரிக்குப் போய்க் கர்ப்பப் பரிசோதனை அட்டை ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு கோடுகள், பளிச்சென்று.

அடுத்து நடந்ததையும் எழுதியே ஆக வேண்டும். தங்கை வீட்டுக்காரர் அந்த அட்டையைப் பார்த்தார். கரு கலைந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, உடம்பு சரியில்லாமல் அவள் தனியாகத்தான் படுத்திருக்கிறாள். அவர் முகம் மாறியது. ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார். நோய் என்னவென்று தெரிவதற்கு முன்னாலேயே என் தங்கை அந்த ராத்திரி வேறொரு குற்றத்துக்குக் கூண்டில் நின்றாள். மருத்துவர் இதைக் கவனித்தார். தானே வெளியே போய், அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஒரு தாளில் படம் வரைந்து கால் மணிநேரம் பேசினார். 'இது புதுசா உண்டானது இல்லைங்க. பழசோட வேர். உங்க பொண்டாட்டிக்கு வந்திருக்கிறது நோய்.' வீட்டுக்காரர் உள்ளே வந்து தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்தப் பரிசோதனையைச் செய்யப்போகும் ஒவ்வொருவருக்கும் என் வேண்டுகோள் இது: அட்டையில் கோடு விழுவதற்கு முன்பே குடும்பத்திடம் பேசிவிடுங்கள்.

கோயம்புத்தூருக்குப் போனோம். ரத்தத்தில் எச்.சி.ஜி. 72,000. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு அது 5க்குள் இருக்க வேண்டும். நுரையீரல் வரை போயிருந்ததால் நோய் மூன்றாம் நிலை என்றார்கள். எனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. ஆனால் அந்த மருத்துவர் சொன்னது இது: மற்றப் புற்றுநோய்களில் நிலையை வைத்துப் பயப்படுவோம், இதில் நிலையோடு மதிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். வயது, முந்தைய கர்ப்பம் எது, அது முடிந்து எத்தனை மாதம், எச்.சி.ஜி. எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரியது, எங்கெல்லாம் எத்தனை இடத்தில் பரவியிருக்கிறது, முன்பு மருந்து கொடுத்துப் பலிக்காமல் போனதா என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கூட்டுகிறார்கள். கூட்டுத்தொகை 6 வரை வந்தால் குறைந்த ஆபத்து, 7 முதல் கூடுதல் ஆபத்து. தங்கைக்கு 4. குறைந்த ஆபத்து வகையில் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள். கூடுதல் ஆபத்து வகையிலும் ஐந்து மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பத்தில் ஒன்பது பேரைக் காப்பாற்றுகிறார்கள். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. சதையை வெட்டிப் பரிசோதிக்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. ரத்தம் ஊறிய கட்டி இது, குத்தினால் ரத்தப்போக்கை நிறுத்துவது கஷ்டம் என்றார்கள். எண்ணே போதுமான சாட்சி.

கொடுத்த மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கு ஊசி, இடைப்பட்ட நாட்களில் அதன் நச்சுத்தன்மையைத் தணிக்க போலினிக் அமிலம். எட்டு நாளில் ஒரு சுற்று, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அடுத்த சுற்று. அந்த மருந்தின் கதையைத் தேடிப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதன் பிறப்பிடமான அமெரிக்க ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் 1948இல் காலமானார். 1956இல் அமெரிக்காவில் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் நுரையீரல் வரை பரவிய கோரியோகார்சினோமாவை அந்த மருந்தால் குணமாக்கினார்கள். உறுப்பில் கெட்டியாக வளரும் ஒரு புற்றுநோய் மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல் முறை. லீ ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். படத்தில் கட்டி மறைந்தபிறகும், ஹார்மோன் எண் முழுசாக இறங்கும்வரை மருந்தை நிறுத்த மறுத்தார். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நச்சு மருந்து கொடுக்கிறார் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். பின்னால் பார்த்தால், மருந்தைச் சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பி வந்திருந்தது. லீ எண்ணைக் கடைசிவரை துரத்தியவர்களுக்குத் திரும்பவில்லை. 1972இல் இந்தப் பணிக்காக அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. அறுபது வருடத்துக்கு முன்பே தெரிந்துபோன இந்தப் பாடம் எங்கள் மலைக்கு இன்னும் ஏறி வரவில்லை.

மலை ஏறுவதைப் பற்றியும் சொல்கிறேன். முதல் சுற்றுக்குப் பின் 72,000 என்பது 9,000 ஆனது. இரண்டாவது சுற்று முடிந்து 640. தங்கை வாயெல்லாம் புண்ணோடு, கஞ்சிகூட விழுங்க முடியாமல், ஆனால் சிரித்த முகமாக ஊருக்குத் திரும்பினாள். அது 2019 ஆகஸ்ட். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய வாரம். எல்லைக்கு அந்தப் பக்கம், வயநாட்டில், புத்துமலை சரிந்து ஆட்களை மூடிய வாரம். கூடலூரிலிருந்து ஊட்டிப் பாதையில் மண்சரிவு என்றார்கள். கீழே நாடுகாணி மலைப்பாதையும் போய்விட்டது. மூன்றாவது சுற்றுக்குப் போக வேண்டிய நாளில் நாங்கள் லைன் வீட்டில் உட்கார்ந்து கூரையில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது எண் 655. இறங்காமல் நின்றுவிட்டது. வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் யோசித்தார். அன்றைக்கு வந்த பயம் 'மூன்றாம் நிலை' என்று சொன்ன நாளில்கூட எனக்கு வரவில்லை. நல்லவேளை, மூன்றாவது சுற்றுக்குப் பின் 40க்கு வந்தது. அப்புறம் 3. இயல்புக்கு வந்தபிறகும் மூன்று சுற்று கூடுதலாகக் கொடுத்து முடித்தார்கள்.

அந்த ஆறு நாளும் எனக்கு ஒரே கேள்விதான். அந்த ஊசி தசையில் போடுகிற ஊசி. தடுப்பூசி மாதிரி. முதல் சுற்றைப் பெரிய மருத்துவமனையில் கொடுத்துப் பார்த்தபிறகு, மிச்சத்தை நோயாளியின் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலேயே கொடுக்கும் வழக்கம் பிரிட்டனில் இருக்கிறது. ரத்த அணுக்களும் கல்லீரலும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடலூரிலும் பந்தலூரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. நிபுணர் எழுதிக் கொடுத்தபடி ஊசி போடத் தெரிந்த செவிலியர்கள் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு வேலைக்குப் போகாத நாள் சம்பளமில்லாத நாள். முதலமைச்சர் காப்பீட்டில் மருந்துச் செலவு அடங்கிப்போனது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் துணைக்கு வந்தவரின் சாப்பாடும், லாட்ஜ் வாடகையும், இரண்டு பேர் கூலியும் எந்த அட்டையிலும் அடங்கவில்லை. மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அவனைப் பள்ளிக்கூடம் முடிந்ததும் என் வகுப்பிலேயே தூங்கவைத்திருக்கிறேன்.

பிரிட்டனைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே 1973 முதல் முத்துப்பிள்ளை வந்த பெண்களை நாட்டளவில் ஒரு பதிவேட்டில் சேர்க்கிறார்கள். லண்டன், ஷெபீல்டு, டண்டீ ஆகிய மூன்று ஊர்களில்தான் அதற்கான மையங்கள். நாடெங்கும் உள்ள பெண்கள் தங்கள் ஊரிலிருந்தபடியே ரத்தம், சிறுநீர் மாதிரிகளைத் தபாலில் அனுப்புகிறார்கள். மையம் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஏறினால் கூப்பிடுகிறது. அதனால்தான் அங்கே இந்த நோயால் சாவு என்பது மிக மிக அபூர்வமாகிவிட்டது. எனக்கு இதில் பிடித்தது பெரிய இயந்திரமோ விலை உயர்ந்த மருந்தோ அல்ல. பெண் மலையிறங்கிப் போகவில்லை. அவளுடைய ஒரு குப்பி ரத்தம் மட்டும் போகிறது.

அதை இங்கே செய்ய முடியாதா? ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாலுகா மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தை வாரம் ஒருமுறை அங்கே அனுப்புவது பெரிய காரியமா? எல்லா மாதிரியும் ஒரே ஆய்வகத்துக்குப் போவது முக்கியம். ஒவ்வோர் ஆய்வகத்தின் முறையும் கொஞ்சம் வேறு வேறு எண் காட்டும், அப்போது இறங்கியதா ஏறியதா என்றே குழம்பிப்போகும். நாங்கள் முதலில் அப்படிக் குழம்பினோம்.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று. சேரம்பாடி, எருமாடு பக்கத்துப் பெண்கள் அவசரத்துக்கு ஊட்டிக்குப் போவதில்லை. சுல்தான் பத்தேரிக்குப் போவார்கள், அதுதான் பக்கம். கேரளத்தில் சுத்தம் செய்துகொண்டு வந்தால் அங்கே அவள் வேறு மாநிலத்துக்காரி, இங்கே அவளுக்கு என்ன நடந்தது என்றே யாருக்கும் தெரியாது. சீட்டை வாங்கிப் படித்துப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் நம் நர்சம்மாதான். மலையாளத்திலோ கிறுக்கல் எழுத்திலோ எது எழுதியிருந்தாலும், 'எடுத்த திசுவை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா? ரிசல்ட் எங்க?' என்ற இரண்டு கேள்வியை அவர் கேட்டுவிட்டால் போதும்.

சாலையோரத்து லைனில் இருக்கிற, ஆசிரியை அக்கா ஒருத்தி இருக்கிற என் தங்கைக்கே இந்தப் பாடு. காட்டுக்குள்ளே பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளில் ஒரு பெண்ணுக்கு இப்படி வந்தால்? ஒருவரையும் விடாமல் பின்தொடர்வது இந்த மலையில் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடலூரில் ஆதிவாசிகளுக்காக ஆதிவாசிகளே வேலை செய்கிற மருத்துவமனை முப்பது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. அதன் ஊழியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைப் பேர் சொல்லித் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

மருத்துவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பெற்ற, அல்லது கரு கலைந்த ஒரு பெண் சில மாதங்களுக்குள் நிற்காத ரத்தப்போக்கோடோ, ரத்தம் கலந்த சளியோடோ, காரணம் தெரியாத வலிப்போடோ வந்தால், ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். அட்டையில் ஒரே கோடு வந்தாலும் சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் அளவு பாருங்கள், எச்.சி.ஜி. மிக அதிகமாக இருக்கும்போது அட்டை திணறி, இல்லை என்று தவறாகக் காட்டுவதும் உண்டு. சுத்தம் செய்து எடுக்கும் திசுவை, பார்க்க முத்துபோல இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்புங்கள். முத்துப்பிள்ளை என்ற வார்த்தையை ஒரு பாட்டி சொன்னால் கிராமத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். என் பாட்டி கண்ணால் பார்த்துச் சொன்னது ஸ்கேன் அறிக்கையில் வந்திருந்தால் நாங்கள் மூன்றரை மாதம் அலைந்திருக்க மாட்டோம்.

புற்றுநோய் என்ற பெயரை எங்களிடம் மறைக்கவும் வேண்டாம். மறைத்தால் லைனில் வேறு கதை பரவும். தங்கை ஊசிக்குப் போய்வந்த நாட்களில் அவள் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்துவைத்த வீடுகள் உண்டு. 'புற்றுநோய்தான், ஆனா மருந்தால குணமாகிறது, ஒட்டாது, கருப்பை அப்படியே இருக்கும், அப்புறம் பிள்ளையும் பெத்துக்கலாம்' என்று நர்சம்மா பெரட்டு நேரத்தில் (காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற நேரம்) வந்து பத்துப் பேர் முன்னால் சொன்னார். மறுநாளிலிருந்து டம்ளர் பிரச்சினை இல்லை.

அவர் சொன்னதுபோலவே ஆயிற்று. மருந்து முடிந்து ஒரு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தாள். 2021 கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் கர்ப்பத்தில் தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்தார்கள்; பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் மறுபடி எச்.சி.ஜி. பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. தங்கையே தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அதிகாரிகளே, நான் கேட்பது கடைசியில் ஒரு கட்டம். பதிவேட்டில் 'கருச்சிதைவு' என்று எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு கேள்வி அச்சடியுங்கள்: திசு முடிவு என்ன? முத்துப்பிள்ளை என்றால், எச்.சி.ஜி. இயல்புக்கு வந்த தேதி எது? அந்தத் தேதி எழுதப்படும்வரை அந்தப் பெண்ணின் பக்கத்தை மூடக் கூடாது, நர்சம்மா அவள் வீட்டுப் படியேறுவது நிற்கக் கூடாது. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு வருடத்தில் இப்படி ஒருத்தி வந்தாலே அதிகம். வேலைப்பளு கூடிவிடும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதையே ஒரு பக்கத்தில் சுருக்கி மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை ஊட்டியில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். தங்கையும் வருகிறாள். அன்று எழுதிக் கொடுத்த ஒற்றை வரிச் சீட்டு, நுரையீரல் படம், 72,000இலிருந்து 3 வரை எல்லாத் தாள்களும் அவள் பையில் இருக்கும். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
பந்தலூர் தாலுகாவிலிருந்து ஓர் ஆசிரியை, ஒரு அக்கா